முதல் பழம் சிவக்கும் வரை

சம்மட்டி உடைத்த கட்டடங்களுக்குக் கணக்கில்லை. உடைத்த ஆட்களுக்கு உண்டு. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மூக்கு, வீட்டு உரிமையாளர் மகனின் முன்பல் இரண்டு, ஒரு லாரி டிரைவரின் தோள்பட்டை, சொந்த மச்சானின் கழுத்தெலும்பு. மூக்குக்காக எட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்த அன்றைக்கே பேருந்து நிலையத்தில் ஒருவனைப் பளாரென்று அறைந்தான். கேட்டதற்கு, "முறைச்சான்" என்றான். அந்த ஆள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, நேரப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவம்.

பழைய கட்டடங்களை இடிப்பதுதான் அவனுடைய வேலை. பதினைந்து வயதில் சம்மட்டியைத் தூக்கியவன், நாற்பத்திரண்டு ஆகியும் கீழே வைக்கவில்லை; ஊர் கூப்பிடுகிற பேரும் அதுவே ஆகிவிட்டது. ஒரு சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தே எங்கே அடித்தால் விழும் என்று சொல்லிவிடுவான். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்குப் புத்தி மட்டில்லை, கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே அவனை நாலு சாத்து சாத்தலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது. நல்லவேளை, அவன் கைக்கு எட்டும் தூரத்தில் நான் நின்றதில்லை.

கைக்கு ஏற்ற வாயும் இருந்தது. மகள் நாலு வயதில் பள்ளி ஆசிரியையிடம் அப்பாவின் வார்த்தை ஒன்றை அப்படியே ஒப்பித்தாள். பாடம் என்று நினைத்துவிட்டாள் குழந்தை. அன்றைக்கு மனைவி போட்ட சத்தத்தில் அவன் கெட்ட வார்த்தையின் வாலை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'தக்காளி'யை ஒட்டிக்கொண்டான். ஊரில் பாதிப் பேர் செய்கிற தந்திரம்தான் இது. தொடக்க எழுத்து ஒன்றுதான் என்பதால் கோபத்தில் நாக்கும் இடறாது. ஆணி குத்தினால் தக்காளி, பேருந்து போய்விட்டால் தக்காளி, அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு தக்காளி. அவன் வாயிலிருந்து அது வந்தால் எதிரே நிற்பவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள்.

மனைவியை அவன் அடித்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் குத்தியிருக்கிறான். அது கணக்கில் வராதாம்.

பள்ளிக்கூட வாசலில்தான் எல்லாம் முடிந்தது. வேன் ஒன்று பின்னால் வரும்போது மகளின் புத்தகப் பையை உரசியது. பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் சட்டையைப் பிடித்து, அந்தச் சன்னல் வழியாகவே அவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டான் சம்மட்டி. உதட்டில் ஒன்று, விலாவில் மூன்று, விழுந்த பிறகு மிதி. ஆசிரியைகள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். இவன் பெண்ணின் கண்ணைப் பொத்த யாரும் இல்லை. அவளுடைய வெள்ளை ஷூவில் டிரைவரின் இரத்தம் தெறித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளே குளியலறைக்குப் போய் அதைத் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் அப்பா இருக்கும் அறையில் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். பத்து வயதுப் பெண். கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினாலும் தோளைக் குறுக்கிக்கொள்வாள்.

அந்த வாரமே மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கழுத்தெலும்பு உடைந்த அதே அண்ணன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்மட்டி அங்கே போய் நின்றான். மச்சான் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினான். யார் குறை சொல்ல முடியும்? மனைவிதான் வெளியே வந்தாள்.

"தக்காளி, இன்னும் எத்தனை நாளைக்கு இங்க உட்காந்திருப்ப?" என்று ஆரம்பித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சல் முற்றினால் வருகிற சிரிப்பு. "ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அது பேரைச் சொல்றீங்களே, ஒரு செடி வளர்த்திருக்கீங்களா? போய் வளருங்க. விதை போட்டதுலேருந்து முதல் பழம் சிவக்கிற வரைக்கும் ஒருத்தர் மேலயும் கை வைக்காம இருந்து காட்டுங்க. பழத்தை எடுத்துக்கிட்டு வாங்க, நானும் பாப்பாவும் கிளம்பி வர்றோம்."

நடக்காத காரியத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் குத்திக் காட்டுகிறாள் என்று புரிந்துகொண்டு தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். இவன், "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? மூணு மாசம் ஆகும்."

"செஞ்சிடலாம்" என்று இறங்கிப் போனான்.

நாற்றுப் பண்ணைக்காரியிடம் விதை வாங்கினான். பிளாஸ்டிக் டம்ளர்களில் மண் போட்டு, விதையை விரலால் அழுத்தினான். சுவரில் ஆணி இறக்குகிற அழுத்தம். அதன்மேல் குழாயைத் திறந்து பீய்ச்சிவிட்டான். பத்து நாளாகியும் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பப் போய் அவளிடம் மல்லுக்கு நின்றான்.

அவள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "விதையைப் புதைச்சியா, பொணத்தைப் புதைச்சியா? மேல லேசாத் தூவி, தண்ணியைக் கையால தெளிக்கணும்யா."

முஷ்டி மடங்கியது. அவள் கவனிக்கவில்லை, அடுத்த ஆளுக்கு உரம் நிறுத்துக்கொண்டிருந்தாள். மடங்கிய கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, இன்னொரு கையால் விதைப் பொட்டலத்தை வாங்கினான். அவன் வாழ்க்கையில் விழாத முதல் அடி அதுதான்.

இரண்டாவது விதைப்பு முளைத்தது. நாலு இலை வந்ததும், இடித்த இடங்களிலிருந்து கொண்டுவந்த பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, எட்டுச் செடிகளை மாற்றி நட்டான். அடுக்குமாடியின் நாலாவது மாடியில் அவன் அறை; எதிர் அறையில் ஒரு தையல்காரர். அதற்கு மேல் மொட்டைமாடி. செடிகள் சாயத் தொடங்கியபோது கட்டுவதற்குத் தையல்காரர்தான் துணி ஓரங்களைக் கிழித்துக் கொடுத்தார். கம்பியால் கட்டினால் தண்டு அறுந்துபோகுமாம். வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர், தடித்த கண்ணாடி, பள்ளிச் சீருடைகள் தைத்துப் பிழைப்பவர். பதற்றம் வந்தால் அவருக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பார். அதனால் பெரும்பாலும் பதற்றப்படாமலே இருக்கப் பழகிக்கொண்டார். சம்மட்டியின் சபதம் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டாவது மாடியில் பந்தயமே கட்டியிருந்தார்கள், பூக்கிற வரைக்கும்கூடத் தாங்காது என்று.

பூத்தது. ஆனால் பூ காயாகாமல் உதிர்ந்தது. நாற்றுப் பண்ணைக்காரி, "காத்து போதல. காலையில பூக்காம்பை விரலால சுண்டி விடு" என்றாள். முதல் நாள் அவன் சுண்டிய சுண்டில் ஒரு கொத்தே பறந்து அடுத்த மாடியில் விழுந்தது. தக்காளி என்று கத்திவிட்டு, செடியைப் பார்த்துத் தனக்கே சிரித்துக்கொண்டான். பிறகு தன் காதுமடலில் சுண்டிச் சுண்டிப் பார்த்துப் பழகினான், வலிக்காத அளவு எது என்று. நாலு நாளில் காது சிவந்து வீங்கிவிட்டது. ஆனால் பூ நின்றது.

இதெல்லாம் கேட்க இனிப்பாக இருக்கும். அவனுக்குள்ளே நடந்தது வேறு. அடிக்காத கை சும்மா இருக்குமா? வேலையில் இரண்டு ஆள் உடைக்கிற சுவரை ஒற்றை ஆளாக உடைத்தான். விழுந்த பிறகும் செங்கலைப் பொடியாக்கினான். மொட்டைமாடியில் எலி ஒன்று மூன்று பிஞ்சுகளைக் கடித்துப் போட்ட அன்று, மாலை முழுக்கக் கடப்பாரையோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எலி வந்தது. ஓர் அடியில் செத்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. ரோமமும் சிமெண்டும் பிரித்துப் பார்க்க முடியாதபடி அடித்துக்கொண்டே இருந்தான். தளத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் குழி விழுந்தது. துணி எடுக்க வந்த தையல்காரர் பார்த்துவிட்டு, துணியை எடுக்காமலே திரும்பிப் போனார். இலைக்கு அடியில் காய்ப்புழுக்களைத் தேடி எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கும்போது அவன் முகம் அமைதியாக இருக்கும். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

காய்கள் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து அழுகின. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றாள் பண்ணைக்காரி. அதற்கு அவனிடமே மருந்து இருந்தது. அப்போது இடித்துக்கொண்டிருந்தது நூறு வருஷத்துப் பங்களா. சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. மதிய இடைவேளையில் அதை உதிர்த்துச் சலித்துப் பையில் கட்டினான். மேஸ்திரி வந்து பையைக் காலால் எற்றினான்.

"என்னடா, குப்பையைக்கூட விடமாட்டியா? பொண்டாட்டி போனதுலேருந்து மண்ணைத் திங்கிறியா?"

ஆட்கள் சிரித்தார்கள். பிறகு யார் முகத்தைப் பார்க்கிறோம் என்று உணர்ந்து சிரிப்பை விழுங்கினார்கள். சம்மட்டி தன் முன்கையை வாயில் வைத்துக் கடித்தான். மேஸ்திரி பேசி முடிக்கிற வரைக்கும் கடித்துக்கொண்டே நின்றான். எடுத்தபோது பற்கள் இறங்கிய இடத்திலிருந்து முழங்கை வழியாக இரத்தம் வடிந்தது. மேஸ்திரி காரைப் பையைத் தானே எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் காரைத்தூளில் அழுகல் நின்றது. ஒரு காய் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருத்தது. ஒரு காலையில் அதன் காம்புக்குக் கீழே பச்சை வெளுத்து மஞ்சளடித்தது. சம்மட்டி மனைவிக்கு ஃபோன் போட்டான். எடுத்தது மகள்.

ஐந்து மாதமாகப் பேசாத பெண் கேட்டாள்: "சிவந்துடுச்சாப்பா?"

"இல்ல பாப்பா. இப்பதான் செங்கல் கலர் வருது."

"புது செங்கலா, பழைய செங்கலா?"

"சூளையில சரியா வேகாத செங்கல்."

அவள் களுக்கென்று சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள். வேகாத செங்கல் வெந்த செங்கலாயிற்று, வெந்த செங்கல் ஓடாயிற்று. நாலாம் நாள், "நான் துணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டேன், அம்மாவுக்குத் தெரியாது" என்று இரகசியக் குரலில் சொன்னாள். சம்மட்டி மொட்டைமாடியில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான். சொல்வதில் என்ன வெட்கம், அழுதான்.

இன்னும் ஒரு நாள் வெயில் போதும் என்றிருந்தது. நிழல் படாமலிருக்க எட்டு வாளிகளையும் தூக்கிக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்தான். செடிகள் ஏறியிருந்த பழைய சன்னல் கிரில்லையும் அங்கேயே நிறுத்தி, வாளிகளோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கினான்.

"காத்தடிச்சா தெருவுல விழுமே" என்றார் தையல்காரர்.

"சம்மட்டி கட்டின கட்டு, டெய்லரே. இடியே விழுந்தாலும் அசையாது."

மறுநாள் காலை இருவருக்கும் வாய்த்தகராறு. வாளிகளிலிருந்து வழிந்த செம்மண் தண்ணீர், கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் சொட்டியிருந்தது. இருபது சட்டை. தையல்காரர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். திக்கல் வந்து பாதியில் நின்றுபோனார். சம்மட்டி பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அன்று மதியத்துக்கு மேல் வானம் கறுத்து, காற்று கிளம்பியது. வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள். சம்மட்டி பேருந்துக்குக்கூட நிற்காமல் ஓடி வந்தான். தெருமுனை திரும்பியதும் நிமிர்ந்து பார்த்தான். நாலாவது மாடிக்கு மேலே, புழுதி மறைத்த கைப்பிடிச் சுவருக்கு வெளியே தையல்காரரின் தலை மட்டும் நீண்டு தெரிந்தது. முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இவனை நேராகப் பார்த்துக் கத்தினார்:

"த... த... தக்காளி! டேய், த... தக்காளி!"

பெட்டிக்கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "போச்சு, டெய்லருக்கே வாய் வந்துடுச்சு!" என்றான் ஒருவன்.

சம்மட்டியின் காதில் காலையில் நடந்த சண்டை இருந்தது, மேஸ்திரியின் கேலி இருந்தது, மூன்று மாதம் பையில் திணித்த முஷ்டி அத்தனையும் இருந்தது. நாலு மாடியையும் மூன்று மூன்று படியாகத் தாவினான். தையல்காரரின் முதுகுதான் தெரிந்தது. தோளைப் பிடித்து முகத்தைத் திருப்பி, கன்னத்தில் குத்தினான். கண்ணாடி நொறுங்கியது. மீண்டும் அதே இடத்தில். எலும்பு முறிகிற சத்தம் அவனுக்குப் பழக்கமான சத்தம்தான். மூன்றாவது குத்து வாயில்.

அடி வாங்குகிறவன் கையைத் தூக்குவான். யாராக இருந்தாலும் முகத்தை மறைத்துக்கொள்வான். இந்த மனிதர் கையைத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்ற கேள்வி மூச்சு வாங்கிக்கொண்டு அவன் மண்டைக்கு வந்து சேர்ந்தபோது நாலாவது குத்துக்குக் கை ஓங்கியிருந்தது.

தையல்காரரின் இரண்டு கைகளும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருந்தன. காற்றில் கட்டு அறுந்து, கிரில் சுவர் விளிம்பில் மாட்டித் தெருப்பக்கம் சாய்ந்து, செடிகளோடும் வாளிகளோடும் அவர் விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி விரல்களுக்குள் இறங்கியிருந்தது. மூன்று குத்து வாங்கியும் அவர் விடவில்லை. கீழே பள்ளி விட்ட நேரம், தெரு நிறையப் பிள்ளைகள்.

"பி... பிடி" என்றார், இரத்தத்தைத் துப்பிவிட்டு. "பிடிச்சுக்க."

சம்மட்டி பிடித்து இழுத்தான். எட்டு வாளியும் உள்ளே வந்தன. தையல்காரர் அப்படியே தளத்தில் சரிந்தார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது, "டெய்லரே, டெய்லரே" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கன்ன எலும்பு உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். இடது கண்ணுக்குள் கண்ணாடித் துண்டு. எடுத்துவிட்டார்கள், பார்வை திரும்புமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். சம்மட்டி வாயைத் திறப்பதற்குள் தையல்காரர், "கா... காத்துல கம்பி அடிச்சிடுச்சு" என்றார். டாக்டர் போனதும், ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தார்.

"யாரும் பார்க்கல. பழத்தை எடுத்துக்கிட்டு போ. உன் பொ... பொண்ணு வரட்டும்."

"ஏன் டெய்லரே?"

"உனக்காக இல்ல" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பழம் சிவந்திருந்தது. முழுச் சிவப்பு, ஒரு புள்ளி பச்சை இல்லை. காம்போடு பறித்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனான். வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் நீட்டினான்.

மனைவி வாங்கி முகர்ந்து பார்த்தாள். "நிஜமாவே வளர்த்துட்டீங்களே!" என்றாள். கண் கலங்கி, அதை மறைக்கச் சிரித்தாள். மகள் பறித்துக்கொண்டு பழத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய பை கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் வைத்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டு நாள் கிடைக்குமே என்று சம்மட்டி யோசித்தான். எட்டு நாள் இவள் வீட்டில் பேசுவாள், சிரிப்பாள். எட்டு நாள் காலையில் அவள் ஷூவுக்கு லேஸ் கட்டிவிடலாம். அவன் அதற்கு ஆசைப்பட்டான், ரொம்ப ஆசைப்பட்டான். ஆனால் கை பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. முட்டிகளில் தோல் கிழிந்திருந்தது.

"நேத்து கை வச்சுட்டேன்" என்றான்.

மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. "யாரை?"

"டெய்லரை. செடி விழாமப் பிடிச்சிட்டு நின்னாரு. என்னைத் திட்டுறாருன்னு நினைச்சேன். கண்ணு போயிடும்போல இருக்கு."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. கம்பி அடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டாரு. உன்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு."

"அப்புறம் ஏன் சொன்ன?" பதினாலு வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "ஏன்டா சொன்ன?"

அவள் அறைந்தாள். அவன் முகம் திரும்பியது. திரும்ப நேராக வைத்துக்கொண்டான். "சொல்லாம இருந்திருக்கக் கூடாதா? நான் வந்திருப்பேனே! கிளம்பிட்டேனே!" என்று கத்திக்கொண்டே இன்னொரு அறை, இன்னொன்று, பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில், கழுத்தில், கண்ட இடத்தில். அவன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். உதடு கிழிந்தது.

"அம்மா, அடிக்காதம்மா."

மகள் தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

மனைவியின் கை அந்தரத்தில் நின்றது. அதை இறக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து கன்றியிருந்தது.

"பார்த்தீங்களா, எனக்கும் வந்துடுச்சு" என்றாள், மெல்ல. "இது பாப்பாவுக்கு வரக் கூடாதுன்னுதான் வீட்டை விட்டு வந்தேன். நீங்க போங்க."

சம்மட்டி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். இரண்டு படி இறங்கியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மகள் பழத்தை அவன் கையில் வைத்தாள்.

"டெய்லர் மாமாவுக்குக் குடுத்துடுங்கப்பா" என்றாள். பிறகு மேலே ஏறி, பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.